ஒரே அரசர், ஒரே காசு, தரம் மட்டும் வேறு

பழைய காசுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் பெட்டாலிங் ஜெயா. கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் தாமான் ஜெயா நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே அம்கோர்ப் மால். வார நாள்களில் அது சாதாரணப் பேரங்காடி. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு முகம். நடைபாதை முழுக்க மடக்கு மேசைகள். மேசை மேல் பழைய கேமராக்கள், தகர விளம்பரப் பலகைகள், மங்குச் சாப்பாட்டு அடுக்குகள், சக்கரம் கழன்ற பொம்மைக் கார்கள். வானொலியில் வேலை பார்ப்பவள் என்பதால் இசைத்தட்டுப் பெட்டிகளைத் தாண்டிப் போவதுதான் எனக்குப் பெரிய சோதனை.

அதையும் தாண்டினால் காசு மேசைகள். சதுர அட்டையில் சின்னக் கண்ணாடித்தாள் சன்னல் வைத்து, நடுவில் காசைப் போட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். ஆண்டு, விலை, அதோடு இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள். எஃப், விஎஃப், இஎஃப், யுஎன்சி. முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஏதோ பள்ளிக்கூட மதிப்பெண் அட்டை மாதிரி இருக்கும். காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைச் சொல்லும் தரக்குறியீடு அது. 'ஃபைன்' என்றால் நன்றாகவே தேய்ந்த காசு. 'வெரி ஃபைன்' அதைவிடக் கொஞ்சம் மேல். 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' என்றால் லேசான தேய்மானம். 'அன்சர்குலேட்டட்' என்றால் கடைத்தெருவுக்கே வராத காசு.

ஓர் எழுத்து கூடினால் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். அந்த எழுத்தை யார், எதை வைத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தமுறை பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பால் டப்பாவில் நாலு பங்கு

பாட்டி போன வருடம் தவறிவிட்டார். கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பம். நகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இருந்தது ஒரு பால் டப்பா நிறைய பழைய காசு. பாட்டிக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. அதில் பெரும்பாலானவை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' காசுகள். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து ஆங்கிலேயர் நடத்திய நீரிணைக் குடியேற்றங்களின் நாணயம் அது. மலாய் மாநிலங்களிலும் அதுதான் புழங்கியது.

பிள்ளைகள் நாலு பேர். டப்பாவை நாலு பங்காகப் பிரிப்பது என்று பேசி முடித்தார்கள். அதில் 1920ஆம் ஆண்டின் ஒரு வெள்ளிக் காசு பெரிதாக, பளபளவென்று இருந்தது. அது ஒன்றே ஒரு பங்குக்குச் சமம் என்று முடிவு செய்து சின்ன அத்தைக்கு ஒதுக்கினார்கள். அத்தையின் மகன் பல்கலைக்கழகம் போகிறான். விற்றால் உதவும் என்பது கணக்கு. மற்ற மூவருக்கும் 50 காசு, 10 காசு, சதுர ஒரு காசு என்று சில்லறைகள்.

பெரியப்பாவுக்கு மட்டும் மனசு சமாதானமாகவில்லை. "பளபளப்ப வெச்சு வெல போட்டுட்டோம்மா. தெரிஞ்சவங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறம் பிரிக்கலாம்" என்றார்.

நிறத்தைப் பார்க்காதே

முதல் மேசையில் ஒரு சீனப் பெரியவர். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, பக்கத்தில் சின்ன எலக்ட்ரானிக் தராசு, மேசை விளக்கு. பெரியப்பாவை 'அண்ணே' என்றார், என்னைத் 'தங்கச்சி' என்றார். மிச்சமெல்லாம் மலாயில்.

பெரியப்பா இரண்டு 10 காசுகளை எடுத்து வைத்தார். ஒன்று 1919, மற்றது 1926. அதே அரசர், அதே அளவு, அதே 2.71 கிராம் எடை. ஆனால் 1926 காசு சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. 1919 காசோ மஞ்சள் படிந்து மங்கிப்போயிருந்தது. 1919 காசுதான் மட்டம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

பெரியவர் இரண்டுக்கும் ஒரே தரம் போட்டார். விஎஃப்.

"கலரப் பாக்காதீங்க அண்ணே, கிரீடத்தப் பாருங்க" என்று பூதக்கண்ணாடியை நீட்டினார். அரசர் தலையில் கிரீடம், கீழே புருவம், மீசை, தோளில் அங்கி. காசில் மேடாக இருக்கும் இடங்கள்தான் முதலில் தேயும். கிரீடத்தின் பட்டையில் பதித்த கற்கள் எத்தனை தெரிகின்றன, புருவ மயிர் தனியாகத் தெரிகிறதா, அங்கியின் வேலைப்பாடு மழுங்கிவிட்டதா என்று வரிசையாகக் காட்டினார். இரண்டு காசிலும் தேய்மானம் ஏறக்குறைய ஒன்றுதான்.

நிறம் வேறானதற்குக் காரணம் உலோகம். முதல் உலகப்போர்க் காலத்திலும் அதன் பிறகும் வெள்ளி விலை கடுமையாக ஏறியது. காசை உருக்கி விற்றாலே லாபம் என்ற நிலை வந்தால் எந்த அரசாங்கமும் காசில் வெள்ளியைக் குறைக்கும். 1916, 1917இல் இந்தப் 10 காசில் 60 விழுக்காடு வெள்ளி. 1918 முதல் 1920 வரை 40 விழுக்காடு. 1926இல் மறுபடியும் 60. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை. வெள்ளி குறைந்த காசில் மேல்பூச்சு போல இருக்கும் வெண்மை தேய்ந்ததும் உள்ளே இருக்கும் செம்புக் கலப்பு நிறம் காட்டத் தொடங்கும். அது காசின் பிறவிக் குணம். 1919 காசை இன்னொரு 1919 காசோடுதான் ஒப்பிட வேண்டும். 1926 காசின் நிறத்தை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வெள்ளிக் காசு பெரியதிலும் இதே கதைதான். ஏழாம் எட்வர்ட் காலத்தில் 1903, 1904இல் அடித்த ஒரு வெள்ளிக் காசு 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. 1907இல் அதே 90 விழுக்காட்டோடு எடை 20.21 கிராமாக இறங்கியது. 1919, 1920இல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு வந்தபோது 16.85 கிராம், வெள்ளி பாதிதான். பெயர் மட்டும் அப்படியே 'ஒரு வெள்ளி'.

இன்றும் நாம் ரிங்கிட்டை வெள்ளி என்கிறோம். ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்கும் அரம்பப்பல் போன்ற விளிம்பு என்றுதான் பொருள். அந்தக் காலத்து ஸ்பானிய வெள்ளிக் காசின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர்.

இன்னொரு மேசை, இன்னொரு எழுத்து

அடுத்த வரிசையில் ஓர் இளைஞர். என் வயதுதான் இருக்கும். அவரிடம் அதே 1926 காசைக் காட்டினோம். 'எக்ஸ்எஃப் 40' என்றார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஒரு மேசையில் விஎஃப், இருபது அடி தள்ளி எக்ஸ்எஃப். யார் ஏமாற்றுகிறார்கள்?

யாரும் ஏமாற்றவில்லை. பெரியவர் பிரிட்டிஷ் முறையில் பழகியவர். இளைஞர் அமெரிக்க முறையில். சொற்கள் ஒன்றுபோல இருந்தாலும் அளவுகோல் வேறு. இடைத்தரங்களில் பிரிட்டிஷ் முறை பொதுவாகக் கண்டிப்பானது. அங்கே விஎஃப் வாங்கும் காசு அமெரிக்க முறையில் ஒருபடி மேலே ஏறிவிடுவது சகஜம். நம் நாட்டில் இரண்டு முறையும் கலந்து புழங்குவதால் அட்டையில் இருக்கும் எழுத்தை மட்டும் பார்த்து இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட முடியாது.

அந்த 40 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், தம் நாட்டின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். அடையாளம் மட்டும் தெரியும் காசு 1. குறையே இல்லாதது 70. அது தரத்துக்கு மட்டுமல்ல, விலைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. 70 வாங்கிய காசு, 1 வாங்கிய காசைப்போல் 70 மடங்கு விலை பெற வேண்டும் என்பது அவர் எண்ணம். விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது. எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. அமெரிக்காவில் 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று இரண்டு நிறுவனங்கள் வந்தன. காசை அனுப்பினால் பரிசோதித்து, எண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் மூடித் திருப்பி அனுப்பும். இப்போது நம் ஊர்க் காசுகளும் அந்த உறைக்குள் போய் வருகின்றன.

ஒரு குறிப்பிட்ட ஊரின் செம்புக் காசுக்காகச் செய்த அளவுகோலை உலகத்துக் காசுகளுக்கெல்லாம் விரிக்கும்போது சில இடங்களில் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இளைஞர் அதைப் பொறுமையாக விளக்கினார்.

60க்கு மேல் போனால் அது புழங்காத காசு. 60 முதல் 70 வரை பதினோரு படிகள். அங்கே தேய்மானம் கிடையாது. பார்ப்பது சிறு கீறல்களையும் ஒளியையும். அச்சிட்ட காசுகளைச் சாக்கில் கொட்டிக் கட்டும்போதே ஒன்றோடொன்று மோதிக் கீறல் விழும். கனமான ஒரு வெள்ளிக் காசில் அது அதிகம். சின்னப் 10 காசில் குறைவு. அதனால் பெரிய காசில் பொறுத்துக்கொள்ளும் கீறலைச் சின்னக் காசில் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டிலும் 64 என்று எழுதியிருந்தாலும் அந்த 64கள் ஒன்றல்ல.

அச்சு தேய்ந்த பிறகு அடித்த காசும் உண்டு. ஆலையிலிருந்து வரும்போதே அரசரின் புருவம் மழுங்கியிருக்கும். பார்த்தால் கையில் புழங்கித் தேய்ந்தது போலத் தோன்றும். அதைக் கண்டுபிடிக்க விளக்கடியில் காசை மெல்லச் சாய்க்க வேண்டும். புதுக் காசாக இருந்தால் வெளிச்சம் சக்கரம்போல அதன் மேல் சுழன்று ஓடும். உண்மையிலேயே தேய்ந்திருந்தால் மேடான இடங்களில் அந்த ஓட்டம் அறுந்துபோகும்.

சதுர ஒரு காசு வந்தபோது சட்டமே மாறியது. 1919, 1920, 1926இல் வந்த அந்த வெண்கலக் காசை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். செம்பு, வெண்கலக் காசுகளுக்கு எண்ணோடு நிறத்தையும் சேர்த்து எழுதுவார்கள். அச்சிட்டபோது இருந்த சிவப்பு அப்படியே இருந்தால் 'ரெட்'. பாதி மாறியிருந்தால் 'ரெட் பிரவுன்'. முழுக்கக் கறுத்தால் 'பிரவுன்'. நம் ஊர் ஈரக்காற்றில் நூறு வருடம் சிவப்பாகவே இருந்த வெண்கலத்துக்குத் தனி மரியாதை. பெரியவர் மேசையில் 'நிறத்தைப் பார்க்காதே' என்று கற்ற பாடம் இங்கே தலைகீழ். வெள்ளி 10 காசுக்குப் பொருந்தும் விதி அதே அரசரின் ஒரு காசுக்குப் பொருந்தவில்லை.

எண் கிடைக்காத காசு

கடைசியாகத்தான் பெரியப்பா அந்த 1920 வெள்ளியை எடுத்தார். இளைஞர் விளிம்பை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓர் இடத்தில் நகத்தை வைத்துக் காட்டினார். சின்னப் புடைப்பு. வளையம் பற்றவைத்து எடுத்த தடம்.

கொள்ளுப்பாட்டி அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாராம். பிற்பாடு வளையம் விட்டுப்போனது. பாட்டி ஒவ்வொரு தீபாவளிக்கும் புளி போட்டுத் தேய்த்து வைப்பார். வீட்டில் எல்லோரும் பார்த்து மயங்கிய பளபளப்பு புளியால் வந்தது. விளக்கடியில் காசைச் சாய்த்தபோது வெளிச்சம் சுழலவில்லை. மெல்லிய கோடுகள் ஆயிரம் தெரிந்தன.

"இதுக்கு நம்பர் கெடைக்காதுங்க சார்" என்றார் இளைஞர். நகையாக மாற்றியது, தேய்த்துக் கழுவியது, துளையிட்டது எல்லாம் இந்த வகை. இவற்றைத் தர நிறுவனங்கள் 'டீட்டெய்ல்ஸ்' என்று எழுதி, குறையையும் குறிப்பிட்டுத் திருப்பித் தரும். 1 முதல் 70 வரை எந்த எண்ணும் போடாது. அழுக்கும் மஞ்சளுமாக இருந்த 10 காசு எண் வாங்கும். பளபளக்கும் ஒரு வெள்ளி வாங்காது. டப்பாவிலேயே உயர்ந்தது என்று ஒரு முழுப் பங்காக வைத்தது, விற்கப் போனால் பின்தங்கிவிடும்.

பெரியப்பா ஒன்றும் பேசாமல் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

சாசானா கிஜாங்கில் ஒரு மணி நேரம்

சாப்பிட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் போனோம். ஜாலான் டத்தோ ஓனில் உள்ள சாசானா கிஜாங் கட்டடத்தில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பத்து லட்சம் ரிங்கிட் நோட்டுகள் பதித்த சுரங்கப்பாதையிலிருந்து அவர்களை வெளியே கொண்டுவருவதுதான் பாடு.

நாணயக் காட்சிக்கூடத்தில் முதலை வடிவில் வார்த்த ஈயக் காசும், கிளை கிளையாக வார்த்து ஒவ்வொன்றாக ஒடித்தெடுக்கும் 'பிடிஸ்' காசு மரமும் என்னைப் பிடித்து நிறுத்தின. கிளந்தானின் பழைய தங்கக் காசில் இருந்த கிஜாங் மான்தான் பேங்க் நெகாராவின் சின்னமாக ஆனது. கையால் வார்த்த அந்தக் காசுகளில் இரண்டு ஒன்றுபோல இருக்காது. எழுபதுக்கு இத்தனை என்ற கணக்கை அங்கே எங்கிருந்து தொடங்குவது?

பெரியப்பா ஐந்தாம் ஜார்ஜ் காசுகள் முன்னால் வெகுநேரம் நின்றார். 50 காசைக் காட்டி, "இதுதான் அன்னிக்கு ஒருநாள் கூலி" என்றார். 1920களின் பிற்பகுதியில் சிலாங்கூர் போன்ற முக்கியப் பகுதிகளில் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. கொள்ளுப்பாட்டி ஒரு வெள்ளியைக் கழுத்தில் போட வேண்டுமென்றால் இரண்டரை நாள் பால்மரம் வெட்டிய கூலியைச் செலவழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

வெளியே வந்து காரில் ஏறியதும் சின்ன அத்தைக்குப் போன் போட்டார். "கேளு தங்கச்சி. அந்தப் பெரிய வெள்ளி நெனச்ச வெலைக்குப் போகாது. எம் பங்குல இருக்கிற சில்லறையெல்லாம் நீ எடுத்துக்க. அதுல ரெண்டு மூணு தேறும். வெள்ளிய நான் வெச்சுக்கிறேன்." அந்தப் பக்கம் அத்தை ஏதோ மறுத்துப் பேசுவது கேட்டது. "சும்மா இரு, புள்ள படிப்பு இருக்கு" என்று போனை வைத்துவிட்டார். அந்தச் சில்லறை கல்லூரிக் கட்டணத்துக்குப் போதாது. முதல் பருவத்துப் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். மிச்சத்தை மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொள்வதாகப் பிறகு பேச்சு.

உங்கள் வீட்டு டப்பாவைத் திறக்கும் முன்

புளி, எலுமிச்சை, பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். அழுக்கு இருக்கட்டும். தேய்த்த கோடுகளை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. காசை ஓரத்தில் பிடியுங்கள். முகத்தில் விரல் படக் கூடாது. மலிவான மெத்தென்ற பிவிசி உறைகள் நம் வெப்பத்துக்குப் பச்சைப் பிசுக்கு விடும். அட்டைச் சன்னல் உறை போதும்.

எடை போட்டுப் பாருங்கள். பெரிய வெள்ளிக் காசுகளில் போலிகள் உண்டு. 1920 வெள்ளி 16.85 கிராமுக்கு வெகுதூரம் விலகியிருந்தால் சந்தேகப்படலாம். தேய்மானத்தால் கொஞ்சம் குறைவது இயல்பு.

யாராவது தரம் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இது பிரிட்டிஷ் கணக்கா, அமெரிக்கக் கணக்கா? இதே ஆண்டின், இதே காசின் வேறொன்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்களா? எந்த இடத்தில் தேய்மானத்தைப் பார்த்தீர்கள்? விவரம் தெரிந்தவர் மூன்றாவது கேள்விக்குப் பூதக்கண்ணாடியை உங்கள் கையில் கொடுப்பார். கொடுக்காதவரிடம் விற்க அவசரப்படாதீர்கள். பக்கத்து மேசைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பங்கு பிரிப்பதாக இருந்தால் அந்த இரண்டு மேசையும் பார்த்து வந்த பிறகு பிரியுங்கள்.